மூன்றாவது புடவை

சனிக்கிழமை துக்கம் கேட்கப் போகக் கூடாது. செவ்வாய்க்கிழமையும் ஆகாது. வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றுகிற நாள், அன்றைக்குச் சாவு வீட்டு வாசலை மிதிக்கிற பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம், ஆனால் டீச்சர் அன்றைக்குச் சர்ச்சுக்குப் போய்விடுவார். மிச்ச நாளில் எங்களுக்குத் தறி வேலை. இப்படி நாள் பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷத்தை ஓட்டியவள் நான். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் சென்னையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்து இறங்கினாள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் ஏதோ வேலையாம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்குக் காலைல மலைக்குப் போறோம். டீச்சரைப் பார்க்கணும்."

"நாளைக்கு சனிக்கிழமைடி."

"ரெண்டு வருஷமா உனக்கு எல்லா நாளும் சனிக்கிழமைதாம்மா."

என் வாய்க்கு எதிர்வாய் ஆரணியிலேயே கிடையாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அன்றைக்கு அவர் தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாமே, வாயே திறக்கல?" என்றார். நான் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தேன்.

டீச்சரும் அவர் வீட்டுக்காரர் சாரும் எங்கள் பக்கத்து வீட்டில் இருபது வருஷத்துக்குமேல் வாடகைக்கு இருந்தவர்கள். இரண்டு பேருக்கும் அரசாங்கப் பள்ளியில் வேலை. சார் கணக்கும் அறிவியலும் எடுப்பார், டீச்சர் தமிழ். அவர்கள் கிறிஸ்தவர்கள், நாங்கள் தறிக்காரர்கள். நடுவில் இருந்த சுவர் பேருக்குத்தான் சுவர். எங்கள் வீட்டுக் குழம்பு அவர்கள் அடுப்படியில் இருக்கும், அவர்கள் வீட்டுக் கிண்ணம் எங்கள் அலமாரியில் இருக்கும், எது யாருடையது என்று சண்டைகூடப் போட்டிருக்கிறோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவர்கள் வீட்டு மேஜையில்தான் படித்தாள். கணக்கு வராமல் அவள் அழ ஆரம்பித்தால் சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வா, முதல்ல டீ குடிக்கலாம், கணக்கு எங்க ஓடிடப் போவுது" என்பார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. ஒரு வருஷம் தாங்கினால் போதும், இறங்கிவிடலாம் என்றுதான் மூட்டை கட்டினார்கள். சாருக்கு மலை பிடித்துப்போய்விட்டது. அங்கேயே கொஞ்சம் நிலம் வாங்கி, ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டார். லீவு நாளில் அவர்கள் இறங்கி வருவார்கள், இல்லாவிட்டால் நாங்கள் பஸ் பிடித்து ஏறுவோம்.

என் மகளின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சார் இறந்துபோனார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டீச்சரே எனக்குப் போன் செய்தார். "அக்கா, அவரு போயிட்டாருக்கா" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ டீச்சர், இதோ வரோம்" என்றேன்.

வரோம் என்று சொன்ன வாய் இதே வாய்தான்.

போனை வைத்த பிறகுதான் வாசல் கண்ணில் பட்டது. பந்தக்கால் நட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் பூசின மூங்கிலில் மாவிலை இன்னும் வாடக்கூட இல்லை. பந்தக்கால் நட்ட வீட்டார் சாவுக்குப் போக மாட்டார்கள். எங்கள் தெருவில் சொந்தத் தாய்மாமன் செத்தாலே வாசலோடு நின்று அழுதுவிட்டு உள்ளே போனவர்கள் உண்டு. என் வீட்டுக்காரர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பாதி புடவையில் தறியை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். அந்தச் சட்டையை நான்தான் கழற்ற வைத்தேன். "பொண்ணு வாழ்க்கைய்யா" என்றேன். மனுஷன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மகளுக்கும் சொல்லவில்லை. மேடையில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னைக் கூப்பிட்டுக் காதில் கேட்டாள், "சார் எங்கம்மா? டீச்சரும் காணோம்?" நான் அவள் தலையில் சரிந்த பூவைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "உடம்பு முடியலையாம்டி, அப்பறமா வராங்களாம்" என்றேன். ஒரு மாசம் கழித்து, அவளோடு படித்தவள் யாரோ சாரின் போட்டோவைப் போட்டு எழுதியிருந்ததைப் போனில் பார்த்திருக்கிறாள். அப்புறம் நாற்பது நாள் என்னோடு பேசவில்லை.

நானும் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. கல்யாணம் முடிந்ததும் போகலாம் என்றிருந்தேன். தாலி பிரித்துக் கோக்கட்டும் என்றிருந்தேன். முதல் தீபாவளி ஆகட்டும் என்றிருந்தேன். மூன்று தடவை போன் செய்தேன். டீச்சர் எடுத்து, "நல்லா இருக்கேங்கா, பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டு வைத்துவிட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் நானும் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை. நாள் ஆக ஆக வெட்கம் கூடிப்போய், அந்த மலை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கவே கூசியது. இருபது வருஷத்துக்குமேல் கூடவே இருந்த ஒருத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டாளா, இன்னும் இருக்கிறாளா என்று தெரியாமல் இரண்டு வருஷம். அது தெரிந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை எல்லாம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மகள் ஓட்டினாள், அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். களம்பூர் தாண்டும்போது நெல் அவிக்கிற வாசனை காருக்குள் வந்தது. போளூரில் வண்டியை நிறுத்தி மகள் ஆப்பிளும் திராட்சையும் வாங்கினாள்.

"துக்கத்துக்குப் போறவங்க பழம் வாங்கிகினு போவாங்களாடி? நாலு பேரு பார்த்தா சிரிப்பாங்க."

"ரெண்டு வருஷம் கழிச்சு வெறுங்கையோட போனா சிரிக்க மாட்டாங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டால் என் பேச்சு எடுபடாது.

மலை ஏற ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் நான் "ஐயோ, மெதுவா" என்பேன், அவள் "அம்மா, கண்ணை மூடிக்கோ" என்பாள். சனி ஞாயிறு என்றால் பைக்கில் கூட்டம் கூட்டமாகப் பையன்கள் ஏறிவருகிறார்கள். வளைவில் படுத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள், பெற்றவர்கள் பார்த்தால் மூர்ச்சை போட்டுவிடுவார்கள். ரோட்டோரம் ஒரு பெண் பலாப்பழம் அறுத்து வைத்திருந்தாள். முன்னே பஸ்ஸில் வரும்போது இந்த மாதிரி இடத்தில் பஸ் நின்றால் சுளை வாங்கி எண்ணெய்க் கையோடு மடியிலே வைத்துக்கொண்டு வருவேன், சாருக்குப் பலாச்சுளை என்றால் உயிர். மகள் வண்டியை மெதுவாக்கினாள். "வேணாம், போ" என்றேன்.

மடியில் இருந்த பையில் ஒரு புடவை இருந்தது. வெளிர் சந்தனக் கலர், மெல்லிய கரை, ஜரிகை அதிகம் இல்லாதது. புருஷன் இல்லாதவருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நானே தேர்ந்தெடுத்தது. அந்தப் புடவையைத் தொடும்போதெல்லாம் வேறொரு புடவை ஞாபகம் வந்து என்னை வதைத்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தறியில் நீளவாக்கில் பூட்டுகிற இழைக்குப் பாவு என்று பேர், குறுக்கே ஓடுகிற இழைக்கு ஊடை. எங்கள் தறியில் ஒரு பாவு பூட்டினால் மூன்று புடவை வரும். மகள் கல்யாணத்துக்கென்று நல்ல சிவப்பில் ஒரு பாவு போட்டோம். முதல் புடவை மகளுக்கு முகூர்த்தத்துக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவது டீச்சருக்கு. "பெத்தவ நானு, வளர்த்தவ நீங்க, மூணு பேரும் ஒரே பாவுல கட்டிகினு நிக்கணும்" என்று டீச்சரிடம் சொன்னதும் நான்தான்.

சார் இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஏதோ வேலையாக ஆரணிக்கு இறங்கியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் மூன்றாவது புடவை ஆரம்பிக்கிற நாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊடை மட்டும் வேற கலர் போடலாமா?" என்று கேட்டார். தாராளமா போடலாம் சார் என்றார் என் வீட்டுக்காரர். சார் கலர் கலராக இருந்த பட்டு நூலை எல்லாம் புரட்டிப் பார்த்து நீலத்தை எடுத்துக் கொடுத்தார். சிவப்புப் பாவில் நீல ஊடை ஓட ஓட, துணி கத்திரிப்பூ கலரில் வந்தது. சார் குழந்தை மாதிரி கையைத் தட்டினார்.

"சிவப்பும் நீலமும் சேர்ந்தா ஊதான்னு முப்பது வருஷமா போர்டுல எழுதிப் போடறேன். கண்ணெதிர்ல ஆவறத இப்பதான் பார்க்கறேன்."

"நாங்க கத்திரிப்பூ கலர்னுவோம் சார்."

"அவளுக்கு நல்லா இருக்கும். கருப்பா இருக்கறவங்களுக்கு இதுதான் எடுப்பு."

அப்புறம் நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று தறியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க, நாலு இழை ஓட்டினார். நாலும் கோணல். இதைப் பிரித்து மறுபடி ஓட்டிக்கொள்கிறேன் என்றார் இவர். "பிரிக்காதீங்க, இருக்கட்டும். அவதானே கட்டப்போறா" என்றார் சார். போகும்போது என்னைப் பார்த்து, "அவகிட்ட சொல்லிடாதீங்க, கல்யாணத்தன்னிக்குப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புடவை பாதியில் இருக்கும்போதுதான் சார் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் தறி ஓடவில்லை. மூன்றாம் நாள் இவர் என்னைக் கேட்டார், "இத இன்னா பண்றது?" எனக்குக் கல்யாண வேலை தலைக்குமேல். சம்பந்தியம்மாவுக்கு எடுத்திருந்த புடவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று காதுக்கு வந்திருந்தது. இனிமேல் டீச்சர் எங்கே இந்தக் கலரெல்லாம் கட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "முடிங்க. சம்பந்தியம்மாவுக்கு வச்சுடலாம்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் முடித்துக் கொடுத்தார். வரவேற்பில் சம்பந்தியம்மா அதைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆல்பத்தில் நாலு பக்கத்துக்கு ஒரு பக்கம் அந்தப் புடவைதான்.

டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். துக்கம் கேட்கப் போனால் வாசலிலேயே கட்டிப்பிடித்து அழ வேண்டும். அதற்கு நான் தயாராகத்தான் இறங்கினேன், முந்தானையைக்கூட வாயில் வைத்துக்கொண்டேன். டீச்சர் முற்றத்தில் சாமையை உலர்த்திக்கொண்டிருந்தார். கிளிப்பச்சையில் ஒரு காட்டன் புடவை. காதில் கம்மல், நெற்றி எப்போதும்போல வெறுமையாக. முடி மட்டும் நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் தட்டி உமியை உதறிவிட்டு எழுந்தார்.

"வாங்கக்கா. வளைவுல தலை சுத்திச்சா?"

அழ வந்தவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். என் மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "என்னாடி இளைச்சுட்ட? சென்னையில சோறு போட மாட்டாங்களா?" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றும் செய்யத் தெரியாமல் முற்றத்தில் நின்றோம்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் செய்திருந்தார். மகள் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. துக்க வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு தயக்கம். இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். டீச்சருக்கு எங்கள் தெரு வழக்கம் எல்லாம் தெரியும். "ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். உப்பு உறைப்பு ஒன்றும் தெரியவில்லை.

வெயில் இறங்கினதும் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சர்ச்சுக்குப் பின்னால் சின்ன இடம், சுற்றிலும் கல் அடுக்கி வேலி. சாரின் கல்லறை வெள்ளையாகப் பூசி, தலைமாட்டில் சிலுவை வைத்திருந்தது. மகள் மண்ணில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "சார், எனக்குச் சொல்லவே இல்ல சார்" என்றாள். என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். டீச்சர் கண்ணை மூடி ஜெபம் சொன்னார், அதில் எங்கள் மூன்று பேரின் பேரையும் சொன்னார். எனக்கு அங்கே நிற்கவே தகுதி இல்லை என்று தோன்றியது. இதற்குமேல் மனசில் பாரத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் படுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினதும் பையைத் திறந்து சந்தனக் கலர் புடவையை எடுத்து நீட்டினேன். டீச்சர் அதை மடியில் வைத்து ஒரு பக்கம் விரித்துப் பார்த்தார். கரையைத் தடவினார். அப்புறம் ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"என்னுது கத்திரிப்பூ கலராச்சேக்கா?"

நான் காலிப் பையை மடித்தேன்.

"அன்னிக்கு ஊர்ல இருந்து வந்ததும் வராததுமா சொல்லிட்டாரு. அவரு வாயில எது நின்னுது? நாலு இழை நானே ஓட்டினேன், கோணலா இருக்கும், சிரிக்காத, சிரிக்காதன்னு ஒரு வாரமும் அதே பேச்சு."

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் சொன்னேன். சட்டையைக் கழற்ற வைத்தது, மகளிடம் பொய் சொன்னது, புடவையைச் சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. புடவை விஷயம் என் மகளுக்கும் அப்போதுதான் தெரியும். "அம்மா!" என்றாள்.

டீச்சர் மடியில் இருந்த சந்தனக் கலரை எடுத்து நாற்காலிமேல் வைத்தார்.

"நீங்க வரலன்னு எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன். வரோம்னு சொன்னீங்க. பெட்டியை மூடற வரைக்கும் ரோட்டையே பார்த்துகினு இருந்தேன். அப்பறம் பந்தக்கால் ஞாபகம் வந்துது. அந்தத் தெருவுல இருந்தவதானே நானு, புரிஞ்சுகினேன். ஆனா புடவை வரும், எப்படியும் கொண்டாருவாங்கன்னு இருந்தேங்கா. அவரு கடைசியா எனக்குன்னு எடுத்தது அது."

"நீங்க அந்தக் கலரெல்லாம் இனிமே..."

"நான் கட்ட மாட்டேன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? என்னைக் கேட்டீங்களா? இதோ நான் கட்டிகினு இருக்கறது என்னா கலரு? வெள்ளையா?"

இத்தனை வருஷத்தில் டீச்சர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மகள் குறுக்கே புகுந்து, "டீச்சரம்மா, நான் போய் எங்க அத்தைகிட்ட கேட்டு வாங்கிகினு வரேன்" என்றாள். "சீ, குடுத்தத கேப்பாங்களா? அவங்க நல்லா கட்டிக்கட்டும். அவங்க என்னா பண்ணாங்க?" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுப்படிக்குப் போனார். அப்புறம் அவர் பேசியதெல்லாம் "இன்னொரு தோசை வைக்கவா", "போர்வை போதுமா" என்கிற அளவில்தான். சந்தனக் கலர் புடவை நாற்காலிமேலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார். பிளாஸ்கில் காப்பி இருந்தது, மூன்று டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அந்த மூன்று டம்ளரைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. அவர் திரும்பி வருவதற்குள் போய்விட வேண்டும், அந்த முகத்தில் இன்னொரு தரம் முழிக்க என்னால் ஆகாது.

"கிளம்புங்க, கிளம்புங்க. ஜல்தி."

"சொல்லாம போறதா?" என்றாள் மகள்.

"சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுடி. சொல்லாமதான் போகணும். அதுதான் முறை."

"உனக்கு வேணும்னா முறை, வேணாம்னாலும் முறை."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அவர் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். கார் திரும்பி மண் பாதையில் இருபதடி போயிருக்கும், எதிரே டீச்சர் வந்துகொண்டிருந்தார். கையில் பைபிள், தலையில் முக்காடு, நடையில் ஒரு வேகம். மகள் வண்டியை நிறுத்தி, நிறுத்தினது மட்டும் இல்லாமல் இஞ்சினையும் அணைத்துவிட்டாள். என்னைப் பழிவாங்கவென்றே செய்தாள்.

டீச்சர் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"சொல்லாம போறீங்களாக்கா?"

"டீச்சர், அது... இந்த மாதிரி வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதுன்னு..."

"இது சாவு வீடு இல்லக்கா. என் வீடு. இதுல நான் இருக்கேன்."

நான் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினேன்.

"கோவம் இருக்குது. ராத்திரி எல்லாம் இருந்துச்சு, ஜெபத்துலயும் இருந்துச்சு, இப்பவும் இருக்குது. அதுக்காக? சொல்லாம போனா நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு அர்த்தம். இருக்கறது ஒரு அக்கா. சொல்லிட்டுப் போங்க."

ஆரணியில் ஒருவரையும் பேசவிடாத நான், அந்த இரண்டு வார்த்தைக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "சொல்லுமே" என்றார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடியது இல்லை அது.

"போயிட்டு வரேன் டீச்சர்."

"வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நாற்காலி மேல ஒரு புடவை கிடக்குது, அதை எடுத்துகினு போங்க. எனக்கு அது வேணாம்" என்றார்.

மகள் ஓடிப்போய்க் கொண்டியைத் திறந்து எடுத்து வந்தாள். நான் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை, கேட்டேன்.

"சிவப்புல ஒரு பாவு போடட்டுமா டீச்சர்? நீல ஊடைல?"

டீச்சர் பைபிளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கல்லறை இருக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"போடுங்க. போட்டதும் போன் பண்ணுங்க. சனிக்கிழமையா பாருங்க, எனக்கு ஸ்கூல் லீவு. நான் இறங்கி வந்து நாலு இழை ஓட்டிட்டுப் போறேன்."

வாசலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று முந்தின நாள் காலையிலிருந்து வைத்திருந்தேனே, அந்த அழுகை எனக்கு அப்போது வந்தது.